மூன்றாம் முறை கழற்றிய இன்ஜின்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

முதலாளியின் ஷெட்டில் ஒன்பது வருடமாகப் பாதியில் கிடக்கும் பழைய காரை ஓடவைத்தால் ஊருக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தாரே, நேற்று அது முதல் திருகலிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. நான் துள்ளிக் குதித்தேன். அவர் முகம்தான் தொங்கிப்போனது.

"இது முடிஞ்சிட்டா லீவு நாள்ல நான் எங்கப்பா போறது? இன்ஜினக் கழட்டு, மொதல்லேர்ந்து பாக்கலாம்."

இது மூன்றாவது முறை. வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று வைத்துக்கொள். பிறகு ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டைக் கழற்றினேன்.

பாப்பாவின் உயரத்தை நூலில் அளந்து, கடிதத்தோடு வைத்து அனுப்பு. நீ முன்பு அளந்து அனுப்பிய நூல் கிரீஸ் பட்டுக் கறுத்துவிட்டது.

அவர் கூப்பிடுகிறார், போகிறேன். கார் முடிந்ததும் அப்பா வந்துவிடுவார் என்று இனி அவளிடம் சொல்லாதே.

உன்னவன்