கயிறில்லாத சப்பாத்து

அன்பு மச்சாள்,

இந்த நடுச்சாமத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். மகளுக்குத் தடிமன், மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே நேரம் போய்விட்டது. வாசலில் கிடந்த உங்கள் கறுப்புச் சப்பாத்தை எடுத்துவைக்கப் போனவள், அதைக் கையில் வைத்தபடியே இருந்துவிட்டேன்.

கனடாவில் மாகாணத் தேர்தலில் முதல்தடவை தோற்றபோது அழுவீர்கள் என்று பயந்துதான் தொலைபேசி எடுத்தேன். நீங்களோ சிரித்தீர்கள்.

"சப்பாத்துக் கயிறெல்லோடி என்னைத் தோக்கடிச்சது! தமிழ்ச் சனத்தின்ரை வீடு வீடாய்க் குனிஞ்சு அவிட்டுக் கட்டவே பின்னேரமெல்லாம் போச்சு. சப்பாத்தோடை உள்ளுக்குப் போனா ஆர் வோட்டுப் போடுவினம்?"

அடுத்தமுறை கயிறில்லாத சப்பாத்தோடு பனியில் இறங்கி வென்றீர்கள். முன்பு இங்கே இத்தாலியில் இருந்தபோது மொண்டெல்லோவில் எசமானி சின்யோராவின் வீட்டுக் குளியலறை கழுவிய கையை உயர்த்தி, முதியோரைப் பராமரிக்கும் பெண்களுக்காகச் சட்டசபையில் நீங்கள் பேசியதை இங்கே வீடு நிறையச் சனம் கூடிப் பார்த்தோம். அண்ணாவோடு கடைசியாக வந்தபோது, "இனி நீ போடு" என்று இந்தச் சோடியை விட்டுப்போனீர்கள்.

மகளின் பள்ளிக்கூடம் ஒருமணிக்கே விட்டுவிடுகிறது. எனக்கு வேலை முடிய மூன்றாகும். பின்னேர வகுப்புக் கேட்கப் பெற்றோர் பிரதிநிதியாக நிற்கச் சொன்னார் இவர். இத்தாலியத் தாய்மார் எனக்கு வோட்டுப் போடுவார்களா என்று இவரிடமே கேட்டேன்.

"உம்மடை மச்சாள் பனிக்குள்ளை நிண்டவ. உமக்கு இஞ்சை வெயிலெறிக்குது. போமன்!"

வோட்டுக் கேட்டுப் போன முதல் வீட்டு வாசலில் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். அந்த வீட்டுக்காரி அலறினாள்: "மதோன்னா, மாதாவே, வெறுங்காலோ! தரை குளிர் பிள்ளை, வயித்தைப் பிடிக்கும்!" ஓடிப்போய்த் தன் செருப்பைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். செருப்பைக் கொடுத்தபின் ஆளை வாசலில் நிற்கவைக்க முடியுமா? கோப்பி வந்தது. வியா மக்வேதாத் தெருவில் ஒரு கடையில் நிற்கிறாளாம். அவள் பெடியனும் பின்னேரமெல்லாம் வீட்டில் தனியேதானாம். அதன்பிறகு எல்லா வாசலிலும் வேண்டுமென்றே கழற்றினேன்.

இன்று வாக்கெண்ணி, ஆசிரியை என் பெயரை வாசித்தா, மச்சாள்! "வெறுங்காலி வெண்டிட்டாள்!" என்று பின்வரிசையில் கத்திக் கைதட்டினார்கள். நானும் உங்களைப்போலச் சிரித்தேன்.

திங்கட்கிழமை அதிபரிடம் போய்ப் பின்னேர வகுப்புக் கேட்க வேண்டும். போவேன், உங்கள் சப்பாத்தோடுதான். என் காலுக்குக் கொஞ்சம் பெரிது. நுனியில் பஞ்சு வைத்திருக்கிறேன்.

அதிபரின் அறைவாசலில் கழற்றவோ, வேண்டாமோ? கெதியாய்ப் பதில் போடுங்கோ.