பெனடிக்டைப் பத்தி உன்கிட்ட மறைச்சது

திருநகர், மதுரை
13.2.2025

என் பாசமுள்ள மகள் ஜெஸிக்கு, அம்மா ஆனிமேரி எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் பச்சப்புள்ளையும் அந்தக் குளிர்ல சுகமா இருக்கணும்னு மாதாகிட்ட தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன். இங்க நாங்களும் சுகம்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன், கை வரல. நீ பிள்ளை பெத்து நாப்பது நாள் ஆயிருச்சு, இனிமேயும் மறைச்சா பாவம்னு அப்பா சொல்லிட்டாரு. போன்ல சொன்னா பாதியிலேயே அழுதுருவேன், அதான் கடிதம். மாப்பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்து படிம்மா.

உன் தம்பி பெனடிக்ட் நாங்க சொன்ன மாதிரி கோயமுத்தூருக்கு வேலைக்குப் போகல. போன அக்டோபர் மழையில அவனியாபுரத்துல அவனோட லேத் பட்டறைக் கூரை ஒழுகுதுன்னு ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு மாத்த மேல ஏறினான். சீட்டு உடைஞ்சு உள்ள இருந்த மிஷின் மேல விழுந்துட்டான். கழுத்துல அடி, அதுக்குக் கீழ ஒண்ணும் அசையல. ஆபரேஷன் பண்ணின டாக்டர், உயிர் மிஞ்சினாலே பெருசு, காலு வராதுன்னு முகத்துக்கு நேரா சொன்னாரு. அப்ப உனக்கு ஆறு மாசம் முடிஞ்சிருந்துச்சு. ஏற்கெனவே ரெண்டு தடவ தங்காமப் போன வயிறு, படுத்தே இருக்கணும்னு உன் டாக்டரும் சொல்லியிருந்தாங்க. அக்காகிட்ட சொல்லாதீங்கன்னு அவன்தான் முதல்ல சொன்னான். அப்பாவுக்கு முட்டுவலி, அதனால பிரசவத்துக்கு வர முடியலன்னு நான் சொன்னதும் பொய்தான். ரெண்டு தடவ உன்கூட சிரிச்சுப் பேசினானே, அப்பல்லாம் நல்லகாமன்தான் போனை அவன் காதுல வச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

நல்லகாமன உனக்குத் தெரியாது, பட்டறையில பெனடிக்டோட கூட்டாளி. இன்னொருத்தன் தமிழ்மாறன், ஷேர் ஆட்டோ ஓட்டுறான். அவங்க ரெண்டு பேரும் இல்லேன்னா இந்தக் கடிதத்துல வேற சேதிதான் எழுதியிருப்பேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அவன புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிரும். அப்பாவுக்கும் எனக்கும் அம்புட்டு பலம் ஏது? தமிழ்மாறன் சவாரிக்கு நடுவுல ஆட்டோவ வாசல்ல நிறுத்திட்டு ஓடி வருவான், மலம் மூத்திரம்னு முகம் சுளிச்சதில்ல. அப்படிப் பாத்தும் டிசம்பர்ல புண்ணு வந்து, சீழ் ரத்தத்துல கலந்து, காய்ச்சல் நெருப்பா கொதிச்சுச்சு. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. சாமியார் வந்து எண்ணெய் பூசி, சாகக் கிடக்குறவங்களுக்குக் கொடுக்குற நோயில்பூசுதல் அவனுக்குக் கொடுத்தாரு. உனக்கு கிறிஸ்மஸ் வாழ்த்து சொன்னேனே, அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுதான் சொன்னேன். செபமாலைய கையில பிடிச்சிருந்தேன், பாதிக்கு மேல ஒரு மணிகூட நகரல, ஆண்டவரே உமக்குக் கண்ணு இல்லியான்னு மட்டுந்தான் வாயில வந்துச்சு. நான் நிறுத்தின இடத்துலருந்து அப்பாதான் பிடிச்சுச் சொன்னாரு. தமிழ்மாறன் திருப்பரங்குன்றம் போயி முருகன் திருநீறு வாங்கிட்டு வந்து, தலகாணிக்கு அடியில வைக்கட்டுமாம்மா, உங்க சாமி கோவிச்சுக்குமான்னு தயங்கி நின்னான். உங்கப்பா எம்புட்டு கண்டிப்புன்னு உனக்கே தெரியும். வையிப்பா, எந்தச் சாமி காது கொடுத்தாலும் கொடுக்கட்டும்னாரு.

ஆறாம் நாள் காய்ச்சல் இறங்குச்சு. ஆனா வீட்டுக்கு வந்தவன் வாயத் திறக்க மாட்டேன்னுட்டான். கஞ்சிய துப்பிட்டு, செபம் பண்றதுன்னா என்னைய சீக்கிரம் எடுத்துக்கச் சொல்லி பண்ணும்மான்னான். பெத்தவ காதுல விழுற பேச்சா அது? ரெண்டு நாள் பச்சத்தண்ணிகூட இறங்கல. மறுநாள் காலையில நல்லகாமன் கட்டில் காலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து ஓன்னு அழுதுட்டான். அந்த சீட்டு தாங்கும், ஏறுடான்னு சொன்னவன் நான்தான மாப்ள, நீ செத்தா நான் கொன்னதாத்தான ஆகும்னு கதறினான். மூணு மாசமா அதை மனசுக்குள்ள போட்டுப் புழுங்கியிருக்கான், எங்க யாருக்கும் தெரியல. எனக்கு ஒரு நிமிஷம் அவன் மேல ஆத்திரம் பொங்கினது உண்மை, மறைக்க மாட்டேன். பெனடிக்ட் அவனையே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம், கிறுக்கா, எனக்குக் கண்ணு இல்லியா, நானாத்தானடா ஏறினேன்னான். அழுகைய நிறுத்திட்டு அந்தக் கஞ்சிய எடுன்னான். நல்லகாமன் ஒவ்வொரு கரண்டியா ஊட்டினான். நான் அடுப்படிக்குப் போயி முட்டிபோட்டேன், அன்னைக்குத்தான் என் செபம் முழுசா முடிஞ்சுச்சு.

காலு இன்னும் வரல, வராதுன்னுதான் சொல்றாங்க. உன்னை ஏமாத்த மாட்டேன். ஆனா வலது கை வந்திருக்கு, கரண்டி பிடிக்கிறான். போன ஞாயித்துக்கிழமை கூட்டாளிங்க ரெண்டு பேரும் அவன சக்கர நாற்காலியோட தூக்கி கோயில் படியேத்தினாங்க. அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க, அவன் தலைய குனியல.

சொல்லலியேன்னு எங்க மேல கோவப்படு, உனக்கு அந்த உரிமை இருக்கு. நல்லகாமன ஒரு வார்த்தை கேட்டுராத. பால் கொடுக்குற உடம்பு, நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளை தலைய மூடி வை. ஆண்டவர் உங்க மூணு பேரையும் கண்ணுக்குள்ள வச்சுக் காக்கட்டும். இதப் படிச்சதும் வீடியோவுல கூப்பிடு. உன் மகளத் தூக்கி வச்சுக்க பெனடிக்ட் தினமும் அந்த வலது கையில தலகாணிய வச்சுப் பழகிக்கிட்டிருக்கான்.

இப்படிக்கு,
உன்னையே நினைச்சிருக்கும் அம்மா,
ஆ. ஆனிமேரி