திரையில் ஓடாத பெயர்

இன்று காலை கேகாலை அலுவலகத்தில் ஒரு புரோகிராமை ஓட்டினேன். ஒரு தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எல்லோருடைய பதிவும் மாறியது. எத்தனை பதிவு மாறியது என்ற எண் மட்டும் திரையில் வந்து நின்றது. பெயர் ஒன்றும் இல்லை. உன் நினைவு வந்தது, மச்சான்.

இரத்தினபுரிக் கம்பனியில் நாம் எழுதிய பழைய கோபோல் புரோகிராம் ஆள் ஆளாகப் போகும். ஒரு பதிவை எடுக்கும், பெயரைத் திரையில் காட்டும், திருத்தி வைக்கும், அடுத்ததற்குப் போகும். தோட்டங்களில் டிவிஷன் என்ற பிரிவுகளை ஒன்றாக்கிய அன்று, சீஃப் கிளாக்கர் நம் பின்னால் நின்று பெயர்களை உரக்கப் படித்தார். "மூக்காயி, குப்பாயி... இதெல்லாம் ஆளு பேரா, கோழிக்கு வச்ச பேரா?" உன்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மனிதரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அடுத்து ஓட வேண்டியது பலாங்கொடைத் தோட்டம். அதன் ஆட்களில் என் அம்மாவும் இருந்தாள். பிச்சையம்மா. அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் வைத்த பெயர். நானோ கண்டிக் கடைக்காரர் மகன் என்று ஆபீசில் சொல்லி வைத்திருந்தேன். உண்மை தெரிந்தவன் நீ ஒருவன்தான். தீபாவளிக்கு அம்மா சேலை எடுப்பது உன் வாப்பாவின் கடையில்.

சாப்பாட்டு நேரத்தில் ஆள் ஆளாகப் போகும் அந்த நீண்ட சுற்றை வெட்டி எறிந்துவிட்டு, கோபோலுக்குள்ளேயே ஓர் எஸ்.கியூ.எல். கட்டளையை வைத்தேன். பழைய டிவிஷன் எது, புதியது எது என்று சொன்னால் போதும், எல்லாப் பதிவும் ஒரே மூச்சில் மாறிவிடும். கெட்டிக்காரத்தனம் என்று சீஃப் கிளாக்கர் மெச்சினார். நீ வாசித்துப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாய்: "நல்லா ஈக்கி மச்சான். ஒன்ட அம்மாட பேரும் வராது."

சிரித்தவர்களோடு தொடர்ந்து தேநீர் குடித்தேன். சிரிக்காத உன்னோடு பேச்சை நிறுத்தினேன். இடமாற்றம் கேட்டு இங்கே வந்துவிட்டேன்.

நீ மௌத்தான செய்தி அன்றே கிடைத்தது. ஜனாஸா அடக்கத்துக்கு நான் வரவில்லை. பழைய ஆபீஸ் முழுவதும் அங்கே நிற்கும், அவர்கள் முன்னால் உன் வாப்பா, "பிச்சையம்மா சொகமா?" என்று கேட்டுவிடுவார் என்று பயந்தேன்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "கட மொதலாளி மகனா? மையத்துக்குப் போனியாய்யா?" என்றாள். போனேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மொதலாளி ஒன்னத்தான் வெசாரிச்சாரும்மா" என்றும் சேர்த்தேன்.

"பேரு சொல்லியா கேட்டாரு?"

தலையாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா இப்போதும் அதைச் சொல்கிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.