மூச்சு விடாத பாட்டு

14-5-2004
அக்கா புருஷன் ஆனந்தன் பாவா காலையிலேயே பாடிவிட்டுப் போய்விட்டாராம். நான் மதியம் போனேன். ஒரே மைக்கில் தலையோடு தலை இடிக்க நின்று காவடிப் பாட்டு கேசட் போட்டவர்கள் நாங்கள், இப்போது ஆளுக்கொரு வேளை. சென்னை ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், தனித்தனியாகப் பாடுங்கள், நான் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். நல்லதாகப் போயிற்று. பாவாவின் மூஞ்சியைப் பார்க்க வேண்டியதில்லை.

ஹெட்போனில் பாவாவின் குரல். மேல் ஸ்தாயியில் அசையாமல் நிற்கிறது! எனக்கு நிமோனியா வந்ததிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு இல்லை. துண்டு துண்டாகப் பாடினேன். நான் மூச்சு வாங்கிய இடங்களையெல்லாம் கம்ப்யூட்டர்காரர் வெட்டிவிட்டு ஒட்டினார். கேட்டால் இருபது வயதுக் குரல்.

15-5-2004
யாரிடமும் சொல்லப்போவதில்லை.

20-6-2004
சிடி வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்களெல்லாம் தொண்டை திரும்பிவிட்டதே என்கிறார்கள். பாவா கேட்கட்டும். இரண்டு வருடம் முன்பு ஆடிக் கிருத்திகை மேடையில் நான் பாதி வரியில் நின்றுபோனபோது, மைக்கிலேயே, "மச்சானுக்கு மூச்சு போச்சு, இனிமே தாளம் போடட்டும்" என்றாரே. ஊரே சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. வள்ளியம்மாள் அக்காவும் பிறந்த வீட்டுக்கு வருவதில்லை.

4-7-2004
அக்கா வந்தாள்! சிடியைக் கேட்டதிலிருந்து பாவாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லையாம்.

"தப்பா பேசிட்டேன்னு சொல்லிகினே இருக்கார்டா. கிருத்திகைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து பாடணுமாம்."

என் கையை விடவில்லை. ஆங், பாடறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மேடையில் எவன் வெட்டி ஒட்டுவான்?

22-7-2004
கொல்லையில் பாடிப் பார்த்தேன். முதல் வரியே தாண்டவில்லை. உண்மையைச் சொன்னால் அக்கா வருவது நின்றுவிடும். சொல்லாவிட்டால்—

3-8-2004
பாவா ஒத்திகைக்கு ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். எத்தனை நாளைக்கு? சீ, என்ன பிழைப்பு இது.

6-8-2004
அரக்கோணத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா காபி போட உள்ளே போனதும் சொல்லிவிட்டேன்.

"பாவா, சிடியில கேக்கற மூச்சு என்னுது இல்லீங்க. கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டுனாங்க."

அவர் எழுந்தார். போகச் சொல்லப்போகிறார் என்று நானும் எழுந்தேன். உள்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அக்காகிட்ட சொல்லாத. சிடியில மேல போற எடம் எதுவும் எனக்கு எட்டல. அந்த ஸ்டுடியோ ஆளு கம்ப்யூட்டர்லதான் என் குரலத் தூக்கி வெச்சான். நீ தேறிட்ட, மேடையில மேல வர்றத நீ பாத்துக்குவன்னு நெனச்சிகினுதான் கூப்ட்டேன்."

அக்கா கதவைத் தட்டிக் காபி கொடுத்துவிட்டுப் போனாள். எந்த வரியை யார் பாடுவது என்று பேசி முடிப்பதற்குள் அது ஆறிப்போனது.

10-8-2004
கிருத்திகை மேடையில் பாடினோம். சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கொண்டு, ஆளுக்கு அரை வரியாகப் பிரித்துக்கொண்டு, மூன்று பாட்டு. அப்படியும் நடுவில் எனக்கு நின்றுபோனது. அவருக்குக் குரல் பிசிறடித்தது. கூட்டத்தில் ஒருவன், சிடியில பாடின மாதிரி பாடுங்கய்யா என்று கத்தினான்.

பாவா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மைக்கில் சொன்னார்: "அதுல பாடுறவங்க வேற ஆளுங்கப்பா. நாங்க இவ்ளோதான்."