சரசுவின் இடது கண்

ஐப்பசி 9, திங்கள்
விடியலில் இருந்தே தூறல். மகள் சரசுவுக்குத் தொண்டைச் சதை எடுத்தாயிற்று. வயது ஆறு. மயக்கத்துக்குக் குளோரோபாரம் கொடுத்தது கம்பவுண்டர் மாரப்பன். முழித்தவள் தொண்டையைப் பிடிக்கவில்லை, இடது கண்ணைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ரத்தச் சிவப்பு. திறக்க முடியவில்லை. "மருந்துச் சொட்டு உழுந்திருக்குமுங்க" என்றாள் ஆயா. மாரப்பனைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அது போதும்.

10, செவ்வாய்
கண் டாக்டர் வந்தார். கருவிழியில் சிராய்ப்பு. "மயக்கத்துல எமை சரியா மூடாதுங்க. காஞ்சுபோகும், எது பட்டாலும் கீறிப்போடும். அதுக்குத்தான் கண்ணுல எண்ணெய் விட்டுத் துணி கட்டறது. பார்வை எப்படின்னு நாலு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும்."
மாரப்பனுக்கு எதற்கு நாலு நாள். பெரிய டாக்டர் ஆஸ்பத்திரி நடத்துவது என் கட்டிடத்தில். அவருக்குக் கடுதாசி எழுதினேன்: துணி கட்டவில்லை. கவனம் இல்லை. வாயில் கள் வாடை. மூன்றாவது மட்டும் பொய்.
பருத்தி விதைக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

12, வியாழன்
மழை விட்டது. மாரப்பன் வாசலில் வந்து நின்றான். "எண்ணெய் விட்டு, துணியுங் கட்டித்தானுங்க, ஆப்பரேசன் முடிஞ்சு மயக்கத்தோட பெஞ்சுல படுக்க வெச்சேன். ஊட்டுக்காரம்மாதானுங்க அவுத்துத் திருநீறு பூசுனாங்க. சொன்னா அவங்களுக்குப் பொல்லாப்புன்னு இருந்துட்டேன்."
என் மனைவி ருக்மணியைப் பார்த்தேன். "பொணத்துக்குக் கட்டுனாப்பல இருந்துச்சுங்க. மூச்சு இருக்குதான்னு பாத்தேன். சென்னிமலைத் திருநீறு, முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன். கண்ணுல உழுந்துபோட்டது தெரியலீங்க." அழுதாள்.
அவளை என்ன செய்வது. பெற்றவள். என் ஆத்திரம் வாசலில் நின்றவன் மேலேயே போயிற்று. போடா வெளியே என்றேன்.

14, சனி
காலையில் கண் திறந்தாள். "அப்பா, உங்க மீசையில சோறு" என்றாள். இருந்தது. பார்வைக்குப் பழுதில்லை, கண் டாக்டரும் சொல்லிவிட்டார். முருகனுக்கு மொட்டை.
மாரப்பனுக்கு நேற்றே சீட்டுக் கிழித்துவிட்டார்களாம். ருக்மணி: "ஏனுங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க." சொல்லமாட்டேன். சொன்னால் கள் வாடையையும் நான்தானே விழுங்க வேண்டும்.

15, ஞாயிறு
நல்ல வெயில். தாராபுரம் பஸ் நிற்கிற இடத்தில் மாரப்பன், பெண்டாட்டி, இரண்டு டிரங்குப் பெட்டி. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தான். திட்டப்போகிறான் என்று குடையை இறுகப் பிடித்தேன்.
"பாப்பா கண்ணு தொறந்துருச்சுங்களா?"
"இன்னும் இல்லை" என்றேன்.