அக்காவின் மூலை

மினியாபொலிஸ்
நவம்பர் 9

அன்புத் தம்பி வெர்லின்,

டிவியில் பார்த்திருப்பாய். "இவளுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று சொல்லியிருப்பாய். ஜோனெல் உன்னை அதட்டியிருப்பாள். உன் பெண்டாட்டிக்கு என் நன்றியைச் சொல்.

ஆமாம், ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்கிறேன். முதலில் கட்சிக்குள் ஜெயிக்க வேண்டும். ஏழு பேர் போட்டி போடுகிறோம். அதில் நான் நாலாவதா ஆறாவதா என்பது எந்தப் பேப்பரைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இத்தனை வருஷம் செனட்டில் பேசிப் பேசித் தொண்டை வறண்டதுக்கு ஒருமுறை பெரிய இடத்துக்கு முட்டிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

ஈமெயில் அனுப்பினால் என் ஆபீசில் நாலு பேர் படித்துவிட்டுத்தான் என்னிடம் காட்டுகிறார்கள். அதனால் ஹாஸ்டலில் இருந்தபோது எழுதிய மாதிரி கையால் எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது. உன் கோழிக்கிறுக்கலை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது.

பிப்ரவரியில் முதல் தீர்ப்பு உங்கள் அயோவாவில். நான் பிறந்த ஊரும் அதில் அடக்கம். நார்டால் பள்ளி ஜிம்மில் கட்சிக்காரர்கள் கூடும்போது, என் பெயர் ஒட்டிய மூலையில் நீ நிற்க வேண்டும். அங்கே சீட்டு கிடையாது, நிற்கிற மூலைதான் ஓட்டு. பேச வேண்டாம், யாரையும் இழுக்க வேண்டாம். நின்றால் போதும்.

உன் அக்கா,
மாரித்

---

நார்டால்
நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

சோளம் அறுத்து முடித்தாயிற்று. கீழ் வயலில் மட்டும் சேறு. பன்றிக் கொட்டகையில் ஒரு மின்விசிறி கெட்டுப்போய், அதை மாற்றுவதற்குள் என் முதுகு கெட்டுப்போனது. ஜோனெல் உருளைக்கிழங்கு மாவில் லெஃப்ஸா ரொட்டி சுட்டாள். உனக்கென்று ஒரு அடுக்கு ஃப்ரீசரில் இருக்கிறது.

ஊரில் எல்லோருக்கும் உன்னை நினைத்துப் பெருமை. தானியக் கிடங்கில் காபி குடிக்கிற கூட்டம் உனக்குத் தெரியும். டுவேன் இன்னும் அதே தொப்பிதான். அங்கே பேச்சு எப்போதும் ஒன்றுதான்: யார் தேறுவார்கள்?

"மாப்ளே, நமக்கு வேண்டியது நல்ல ஆளு இல்ல, ஜெயிக்கிற ஆளு" என்கிறான் டுவேன்.

எல்லோரும் கவர்னர் கீஸ்லரைச் சொல்கிறார்கள். ராணுவத்தில் இருந்தவர், வாசலில் குனிந்து வர வேண்டிய உயரம். என்ன பேசினார் என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஜெயிப்பார் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது.

கோபித்துக்கொள்ளாதே அக்கா. கண்காட்சிக்குப் பன்றி கொண்டுபோகும்போது நமக்குப் பிடித்ததையா கொண்டுபோவோம்? நடுவருக்குப் பிடிப்பதைத்தானே கொண்டுபோவோம். அப்பா அதைத்தான் சொல்லுவார். இப்போது நடுவர் நானோ டுவேனோ இல்லை. கடைசியில் முடிவு சொல்கிற பென்சில்வேனியாவில் யாரோ, விஸ்கான்சினில் யாரோ. அவர்கள் ஒரு பெண்ணுக்கு, அதுவும் இவ்வளவு நேராகப் பேசுகிற பெண்ணுக்குப் போடுவார்களா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் போடுவேன். அது வேறு விஷயம்.

சளி பிடித்திருக்கிறதா? டிவியில் குரல் கம்மியிருந்தது.

உன் தம்பி,
வெர்லின்

---

டெ மாய்ன், ஒரு ஹோட்டல் அறை
ஜனவரி 17

அன்புத் தம்பி,

போன வாரம் நம் சர்ச் நிலவறையில் பேசிவிட்டு உன் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுப் போனதுதான் இந்த மாதத்திலேயே நான் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே சாப்பாடு. ஜோனெலின் பன்றிக்கறி உருண்டைக்காகவே இன்னொரு முறை தேர்தலில் நிற்கலாம்.

நீ முழு நேரமும் என் தட்டைப் பார்த்தாய், முகத்தைப் பார்க்கவில்லை. பிப்ரவரி பற்றி நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெர்லின், நான் உன் பன்றி இல்லை.

சொல்லிவிட்டேன், மனசு ஆறிவிட்டது. இப்போது ஒரு பன்றிக் கதையையே சொல்கிறேன். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நான் அந்தப் புள்ளிப் பன்றியைக் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேனே, ஞாபகம் இருக்கிறதா? கடைசியாகத்தான் வந்தோம். நடுவர் ஒரு தடவைக்கு மேல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் நீ கம்பைப் பிடித்துக்கொண்டு வளையத்துக்குள் என்கூடவே நடந்தாய். உன் பள்ளிக்கூடப் பையன்கள் சிரித்தார்கள். நீ காது சிவந்துபோய் நடந்தாய், வெளியே மட்டும் போகவில்லை.

நான் கேட்பது அவ்வளவுதான். நான் ஜெயிப்பேன் என்று நீ நம்ப வேண்டாம். எனக்கே அந்த நம்பிக்கை ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை.

உன் அக்கா,
மாரித்

---

நார்டால்
பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனில் உன் குரல் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன். உன் மூலையைப் பார்த்துக்கொண்ட லவான் அக்கா உனக்குச் சொல்வதற்குள் நானே எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் ஜிம்மில் நல்ல கூட்டம். உன் பெயர் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, கீஸ்லர் பெயர் எதிர் மூலையில். நான் உள்ளே நுழைந்து கொஞ்ச நேரம் பிஸ்கட் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். கூட்டத் தலைவர் பிரியச் சொல்லி விசில் ஊதினார். என் கால் கீஸ்லர் பக்கம் போனது. அக்கா, கால் போனது என்று எழுதுவதே பொய். நான்தான் போனேன்.

நூற்றுக்குப் பதினைந்து பேர் இல்லாத மூலை கலைய வேண்டும் என்பது உனக்குத் தெரியும். உன் மூலையை எண்ணினார்கள். ஒரே ஒரு ஆள் குறைந்தது. லவான் அக்கா ஜிம்மின் குறுக்கே என்னை நோக்கி நடந்து வந்தாள். பள்ளி பஸ் ஓட்டிய காலத்தில் எங்களை அதட்ட வருவாளே, அதே நடை.

"வெர்லின், ஒரு ஆளு குறையுது. வாடா."

"லவான்க்கா, அவ எனக்கு உசிரு. ஆனா வெளி ஊர்ல யாரும் அவளுக்குப் போட மாட்டாங்க. தேற மாட்டா."

"உன்னைத் தேறுவாளான்னா கேட்டேன்? வாடான்னேன்."

"நான் இங்கயே நிக்கிறேங்க்கா."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பிப் போனாள். உன் மூலை கலைந்தது. பாதிப் பேர் எங்கள் பக்கம் வந்தார்கள், மீதிப் பேர் குளிர்கோட்டுகளை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். லவான் அக்கா உன் பெயர் எழுதிய தாளைச் சுவரிலிருந்து கிழியாமல் எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. காபி குடிக்கும்போது டுவேன் சொன்னான்: "எனக்கென்னவோ உங்கக்காவைத்தான் பிடிச்சிருந்துச்சு, மாப்ளே."

"அப்புறம் ஏன்டா இங்க வந்த?"

"நீ இங்க நின்ன. கூடப் பொறந்தவனே அந்தப் பக்கம் போகலைன்னா உள்ள ஏதோ விஷயம் இருக்கும்னு வந்துட்டேன்."

பக்கத்தில் நின்ற மெர்னா, "நானும் அப்படித்தான்" என்றாள். அவள் புருஷனும் தலையாட்டினான். அக்கா, அந்த மூலையில் நான் பேசிப் பார்த்த எல்லோருமே உன்னைத்தான் நினைத்துக்கொண்டு வந்தவர்கள். மற்றவர்களுக்கு உன்னைப் பிடிக்காது என்று நான் நினைத்தேன். என்னைப் பார்த்து ஊரும் அப்படியே நினைத்தது.

பேசத் தெரிந்தவன் என்று என்னையே மாவட்டக் கூட்டத்துக்குக் கீஸ்லரின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

வெர்லின்

---

மினியாபொலிஸ்
பிப்ரவரி 15

வெர்லினுக்கு,

கடிதம் கிடைத்தது. நேற்று போட்டியிலிருந்து விலகிவிட்டேன், பார்த்திருப்பாய். நார்டால் மட்டும் காரணம் இல்லை. நிறைய ஊர்களில் இதே கதைதான். சொந்த ஊரிலேயே மூலை கலைந்தவள் என்று ஒரு பேப்பர் எழுதியது. அது உண்மை, அதனால் மறுப்பு அனுப்பவில்லை.

கணக்குப்படி நீ சொன்னது சரியாகவே இருக்கலாம். ஜோனெலை விசாரித்ததாகச் சொல்லவும்.

மாரித் டாஸ்ட்ருட்

---

நார்டால்
மார்ச் 22

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தின் அடியில் முழுப் பெயரைப் பார்த்ததும் ஜோனெல் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஐந்து நாள் ரொட்டியும் சீஸும்தான். சரியான தண்டனை.

நேற்று மாவட்டக் கூட்டம். கண்காட்சி மைதானத்துக் கொட்டகையில், நாம் பன்றி ஓட்டிய அதே இடத்தில். கீஸ்லர் ஆட்கள் வலது பக்கம், இன்னொருவர் ஆட்கள் இடது பக்கம். தலைவர் பிரியச் சொன்னதும் நான் பின் மூலைக்குப் போய் நின்றேன். ஒரு அட்டையில் உன் பெயரை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒட்ட இடம் இல்லை, கையில் பிடித்துக்கொண்டேன்.

தலைவர் மைக்கிலேயே கேட்டார்: "வெர்லின், அங்க என்னய்யா பண்ற?"

"எங்கக்கா மூலையில நிக்கிறேன்."

"அவங்கதான் போட்டியிலயே இல்லையே!"

"தெரியும்."

"ஒத்தை ஆளு தேறாதுய்யா."

"அதுவும் தெரியும். எண்ணிட்டுச் சொல்லுங்க, கலையுறேன்."

கொட்டகையே சிரித்தது. என் காது சிவந்திருக்கும், எனக்கே சூடு தெரிந்தது. இடம் மாறுவதற்கு அரை மணி நேரம் கொடுப்பார்கள். அந்த அரை மணி நேரமும் நின்றேன். கொஞ்ச நேரத்தில் டுவேன் இரண்டு காபியோடு வந்தான்.

"பாவமா இருக்குதுடா உன்னைப் பார்த்தா. இந்தா."

"குடுத்துட்டுப் போடா, உன்னையும் இங்க எண்ணிடுவாங்க."

"காபி ஆறட்டும்னு நிக்கிறேன்" என்றான். ஆறிய பிறகும் போகவில்லை.

எண்ணினார்கள். இரண்டு பேர். தேறவில்லை என்று அறிவித்தார்கள். நான் வேறு யார் பக்கமும் போகாமல் வீட்டுக்கு வந்தேன். இதனால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும். பிப்ரவரியில் நின்றிருக்க வேண்டியதை மார்ச்சில் நின்றேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

மன்னித்துவிடு அக்கா.

உன் தம்பி,
வெர்லின்

---

நார்டால்
ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்கா,

கண்காட்சி முடிந்தது. இந்த வருஷம் நான் எதையும் கொண்டுபோகவில்லை, வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன். கீஸ்லர் வந்து குச்சியில் குத்திய பன்றிக்கறி ஒன்றைக் கடித்தார், படம் எடுத்தார்கள், போய்விட்டார். டுவேன் அவர் கையைக் குலுக்கினான். "பெரிய கை" என்றான். வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு.

மார்ச்சில் ஒரு கடிதம் போட்டேன். தொலைந்துபோனதா, நீ பதில் போட விரும்பவில்லையா என்று தெரியவில்லை. தொலைந்ததாகவே வைத்துக்கொள்கிறேன். ஃப்ரீசரில் லெஃப்ஸா அப்படியே இருக்கிறது. ஜோனெல் யாரையும் தொட விடுவதில்லை.

வெர்லின்

---

மினியாபொலிஸ்
நவம்பர் 8

அன்புத் தம்பி வெர்லின்,

ஜெயிக்கக்கூடிய ஆள் தோற்றுவிட்டார். உங்கள் அயோவாவிலும் தோற்றார், பென்சில்வேனியாவிலும் தோற்றார், விஸ்கான்சினிலும் தோற்றார். இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷம் இல்லை. நானும் அவருக்காக ஊர் ஊராகப் பேசியவள்தான்.

காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லாச் சேனலுக்கும் ஒரே கேள்வி: அந்த ஏழு பேரில் யார் நின்றிருந்தால் ஜெயித்திருப்போம்? இப்போது எல்லோரும் என் பெயரைச் சொல்கிறார்களாம். ஒரு பையன் மைக்கை நீட்டிக்கொண்டு, "மேடம், நீங்க நின்னிருந்தா ஜெயிச்சிருப்பீங்கதானே?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் அதுதான் உண்மை, வெர்லின். கீஸ்லரை விடக் கேவலமாக நான் தோற்றிருக்கலாம். நீ அன்று நினைத்ததே சரியாக இருந்திருக்கலாம். அது யாருக்கும் இனிமேல் தெரியப்போவதில்லை, இருந்தும் இன்னும் நாலு வருஷம் இதையே பேசுவார்கள்.

உன் மார்ச் கடிதம் தொலையவில்லை. நான் பிரிக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டிருப்பாய் என்று தெரியும். படித்தால் மன்னிக்க வேண்டியிருக்கும், எனக்கு அப்போது அதில் இஷ்டம் இல்லை. கோபத்தோடு இருப்பது சௌகரியமாக இருந்தது. மேசை இழுப்பறையில் கிடந்தது. ஆகஸ்ட் கடிதமும் அதன் மேலேயே கிடந்தது.

இன்று போனை அணைத்துவிட்டு இரண்டையும் படித்தேன். கொட்டகையில் நீ அட்டையோடு நின்றதைப் படித்ததும் முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதேன், சத்தமாக. பக்கத்து அறையிலிருந்து உதவியாளர் ஓடி வந்து, தேர்தல் முடிவுக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் திருத்தவில்லை.

பிப்ரவரியில் எனக்கு வலித்தது எண்ணிக்கை இல்லை. நீ ஜிம்மின் அந்தப் பக்கம் நின்றதுதான். அதை நான் மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். மன்னித்துவிட்டேன் என்பது பொய் இல்லை.

மாதக் கடைசியில் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு நார்டால் வருகிறேன். ஜோனெலிடம் அந்த லெஃப்ஸாவை வெளியே எடுக்கச் சொல், எவ்வளவு கல்லாகியிருந்தாலும் சாப்பிடுவேன். லவானையும் கூப்பிடு, அந்தத் தாளை அவள் இன்னும் வைத்திருந்தால் கொண்டுவரச் சொல். டுவேனுக்குச் சூடாக ஒரு காபி நான் ஊற்றித் தருகிறேன்.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் என்னைக் கேட்பார்கள், அடுத்த தடவையும் நிற்பாயா என்று. நிற்கலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை உன்னிடம் கேட்க மாட்டேன். நீயாக வந்து நில்.

உன் அக்கா,
மாரித்