லாரியில் தொங்கிய கட்டில்

ஏனுங்க,

உயிரோடு இருந்தவரை உங்கள் பேரைச் சொன்னதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை மேட்டுப்பாளையத்தில் அண்ணன் வீட்டிலிருந்து கிளம்பி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்துக் கிழங்கு மண்டி வாசலில் ஒரு லாரிக்கு லோடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்த தேங்காய் நார்க் கயிறு, மண் உதிராத கிழங்கு, பெட்ரோல் எல்லாம் கலந்த வாசம் காற்றில் வந்தது. நீங்கள் கிழங்கு லாரி ஓட்டி மலையிறங்கி வந்து வாசற்படி ஏறும்போது உங்கள் சட்டையில் இருக்குமே, அதே வாசம். சோறு ஆறிப்போயிருக்குமே, சூடு பண்ண வேண்டுமே என்று ஒரு நொடி பதறினேன். அப்புறம்தான் நினைவு வந்தது. பஸ் வந்தது, நின்றது, போயிற்று. நான் ஏறவில்லை.

அந்த லாரி மேல் நின்றவனுக்குக் கட்டவே தெரியவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் அவனைக் கீழே இறக்கிவிட்டு நீங்களே ஏறியிருப்பீர்கள். ஒரு மூட்டையைக்கூட வழியில் விட்டதில்லை என்று உங்களுக்கு எத்தனை கர்வம்! கட்டி முடித்ததும் கயிற்றை விரலால் சுண்டுவீர்கள். தம்பூரா மாதிரி சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அவிழ்த்து மறுபடியும் கட்டு. "ஆடற லோடு ஊர் போய்ச் சேராது அம்மணி" என்பீர்கள், ஏதோ நான்தான் உங்கள் கிளீனர் மாதிரி. வீட்டில் ஊறுகாய் ஜாடி வாய்க்குத் துணி போட்டு வேடு கட்டச் சொன்னாலும் அதே கட்டுத்தான். அதைப் பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டு நான் உங்களை வைத வசவெல்லாம் அந்த ஜாடிக்குத்தான் தெரியும்.

அந்த ஐப்பசி நாளை நாம் இருவரும் உட்கார்ந்து முழுசாகப் பேசியதே இல்லை. இன்று பேசிவிடுகிறேன்.

எனக்கு முந்தின நாளே வலி எடுத்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இது என் கைக்கு வராது, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி எழுந்துவிட்டாள். மாட்டு வண்டியில் போனால் தாயும் மிஞ்ச மாட்டாள், பிள்ளையும் மிஞ்சாது என்று அத்தையிடம் அவள் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த நேரத்தில்தான் நீங்கள் கிழங்கு லோடோடு ஊருக்குள் வந்தீர்கள். நீங்களும் கிளீனர் மாரப்பனும் மூட்டைகளை அப்படியே வாசலில் தள்ளினீர்கள். கயிற்றுக் கட்டிலோடு என்னைத் தூக்கி லாரியில் வைத்தீர்கள். உங்களைப் பெற்ற அத்தையும் கூடவே ஏறிக்கொண்டார். கட்டிலின் நாலு காலையும் லாரியின் பக்கப் பலகைக் கொக்கிகளில் இழுத்துக் கட்டினீர்கள். அப்புறம் என்ன செய்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? பழக்க தோஷம், கயிற்றைச் சுண்டிப் பார்த்தீர்கள்.

காரமடை ரோட்டைப் பிடிக்கும்வரை நம் ஊருக்கு ரோடு ஏது? பள்ளத்தில் இறங்கிப் பாறை பாறையாக ஏற வேண்டும். முதல் பாறையில் சக்கரம் ஏறி இறங்கியதும் அந்த அடி முழுக்க என் முதுகில் இறங்கியது. லாரிக்கு விழுந்த ஒவ்வொரு அடியும் எனக்கும் விழுந்தது. நான் அலறிய அலறலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடி வந்தீர்கள்.

"கட்டு தளந்துபோச்சாட்ட இருக்குது. கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு" என்று சொல்லி இன்னும் இறுக்கினீர்கள்.

எனக்கு வலியைவிடக் கோபம் பெரிதாக வந்தது. "ஏனுங்க, நானென்ன கெழங்கு மூட்டையாங்க? அவுத்து உடுங்க" என்றேன்.

"அவுத்தா உருண்டு உழுந்துருவ."

"அத்தை மோர்ப்பானையை வண்டியில எப்படிங்க கொண்டு போறாங்க? பலகையோட சேத்து ஆணியா அடிக்கறாங்க? உறியில தொங்க உட்டுத்தானுங்க கொண்டு போறாங்க. என்னையும் தொங்க உடுங்க."

நீங்கள் அசையவில்லை. கையில் கயிற்று நுனியைப் பிடித்தபடி நின்றீர்கள். தளர்த்திக் கட்டுவது என்பது உங்கள் கைக்குத் தெரியாத வேலை. உங்கள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என்னைப் பிடித்து வைக்க உங்களுக்குத் தெரிந்த ஒரே வழியை விடச் சொன்னேன், இல்லையா?

அத்தைதான் சத்தம் போட்டார். "டேய், அவ சொல்றாப்பல செய்யிடா. வலி அவளுக்கா உனக்கா?"

நீங்களும் மாரப்பனும் லாரியின் நாலு மூலைக் குத்துக்கால்களிலிருந்து கட்டிலைக் கயிற்றில் தொங்கவிட்டீர்கள். அடியில் வைக்கோலைப் பரப்பினீர்கள். இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் மாரப்பன், கட்டில் பலகையில் மோதாமல் கையால் பிடித்துக்கொண்டார்கள். லாரி பாறை மேல் குதித்தது. கட்டில் ஆடியது, அவ்வளவுதான். வலி இருந்தது, ஆனால் அது என் வலி மட்டும்தான்.

உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. "சத்தம் குடுத்துக்கிட்டே வா கண்ணு" என்றீர்கள். ஒவ்வொரு பாறைக்கும் முன்னாலிருந்து "அம்மணி" என்று கூப்பிட்டீர்கள். நான் "ம்" என்றேன். பள்ளத்து ஓடைத் தண்ணீரைத் தாண்டும்போது என்னால் வாய் திறக்க முடியவில்லை. தண்ணீருக்கு நடுவிலேயே லாரியை நிறுத்திவிட்டு, இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கிப் பின்னால் வந்து என் முகத்தைத் தொட்டுப் பார்த்தீர்கள். அழுதீர்கள். அத்தைக்கு முன்னால், மாரப்பனுக்கு முன்னால். மாரப்பன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உங்கள் மகள் பிறந்தாள். நானும் பிழைத்தேன். நீங்கள் குழந்தையை வாங்கக் கையை நீட்டியபோது உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த ரத்தக் கோடுகள். "கெட்டியாப் புடிக்கலாமா?" என்று நர்ஸம்மாவைக் கேட்டீர்கள். அந்த வார்டே சிரித்தது.

அதற்கப்புறமும் நீங்கள் திருந்தவில்லை, மூட்டைகளை அதே மாதிரிதான் கட்டினீர்கள். ஆனால் என் கையைப் பிடிக்கும்போது மட்டும் தளர்வாகப் பிடிப்பீர்கள். அந்தக் கை எனக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம். ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள், நிலம் இருக்கிறது, மகள் இருக்கிறாள், இன்னும் என்ன குறை என்று. அவர்களுக்கு நான் என்னவென்று சொல்வது?

போன மழைக்காலத்தில் மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்தீர்கள். இந்த முறை எந்த வண்டியிலும் ஏற்ற நேரம் கிடைக்கவில்லை. வாசலில் பச்சை மூங்கிலில் பாடை கட்டி உங்களைக் கிடத்தினார்கள். பங்காளிகள் இரண்டு பக்கமும் நின்று கயிற்றைக் காலால் உதைத்து இழுத்து இறுக்கினார்கள். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன்.

"இறுக்கிக் கட்டாதீங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இனி அவனுக்கு என்ன அம்மணி வலிக்கப்போகுது?" என்றார் உங்கள் பெரியப்பா. அத்தை என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

மாரப்பன் மட்டும் முன்னால் வந்தார். பெரியப்பாவின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். முடிச்சை அவிழ்த்து, ஒரு சுற்றுத் தளர்த்தி, மறுபடி கட்டினார். அப்புறம் தூக்கினார்கள். நம் ஊர்ப் பாதையில் கல்லுக்குக் கல் கால் இடற, நீங்கள் மெல்ல ஆடிக்கொண்டே போனீர்கள். வளைவில் மறையும்வரை பார்த்தேன். கண்ணை மூடினால் இன்னும் ஆடிக்கொண்டேதான் போகிறீர்கள்.